ஸ்காட்லாந்தின் கல்விச் சட்டம் 2025: பள்ளி ஆய்வைப் பிரித்தார்கள், தேர்வுக் கண்காணிப்பைப் பிரிக்கவில்லை

2024 ஜூன் 4 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஒரு கல்வி மசோதா தாக்கலானது. அதில் இரண்டு பெரிய வேலைகள் இருந்தன. பொதுத்தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் எஸ்கியூஏ என்ற ஆணையத்தைக் கலைத்து, அந்த இடத்தில் குவாலிஃபிகேஷன்ஸ் ஸ்காட்லாந்து என்ற புது அமைப்பை வைப்பது ஒன்று. பள்ளி ஆய்வாளர்களை எஜுகேஷன் ஸ்காட்லாந்து என்ற அரசு முகமையிலிருந்து வெளியே கொண்டுவந்து, தலைமைக் கல்வி ஆய்வாளரின் கீழ் தனி அலுவலகமாக அமைப்பது இன்னொன்று. மசோதாவைக் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சர் ஜெனி கில்ரூத். அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அப்போது முதல்வர் நாற்காலியில் அமர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஜான் ஸ்வின்னிதான், 2020 தேர்வு முடிவுக் குளறுபடி வெடித்தபோது கல்வி அமைச்சர். அந்தக் குளறுபடி இல்லையென்றால் இந்த மசோதாவே வந்திருக்காது.

ஓராண்டு கழித்து, 2025 ஜூன் 25 அன்று மசோதா நிறைவேறியது. கன்சர்வேட்டிவ், லேபர் இரண்டு கட்சிகளும் எதிர்த்து வாக்களித்தன. எஸ்கியூஏவைக் கலைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிறகு ஏன் எதிர்த்தார்கள் என்று பார்த்தால், ஒரு சட்டமன்றம் ஒரு சீர்திருத்தத்தை எவ்வளவு தூரம் சோதிக்க முடியும், எந்த இடத்தில் அதன் கை எட்டாமல் போகிறது என்பது தெரியவரும்.

முன்கதை: ஒரு கலைப்பு, ஒரு பிரிப்பு, ஒரு சேர்ப்பு

எஸ்கியூஏ 1997-ல் உருவானது. பள்ளித் தேர்வுகளை நடத்திய வாரியத்தையும் தொழிற்கல்விச் சான்றிதழ் தந்த அமைப்பையும் ஒன்றாக்கி, 1996 கல்விச் சட்டத்தின்படி அமைத்தார்கள். மூன்றே ஆண்டில், 2000 ஆகஸ்டில், முதல் அடி விழுந்தது. புதிய பாடத்திட்டத்தின்படி ஹையர் தேர்வு நடந்த முதல் ஆண்டு அது. ஹையர் என்பதுதான் அங்கே பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் தேர்வு. பள்ளிகளிலிருந்து வந்த மதிப்பெண் தரவுகளைப் புதுக் கணினி அமைப்பு சரியாக உள்வாங்கவில்லை. சுமார் 17,000 மாணவர்களுக்குத் தவறான அல்லது அரைகுறைச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. தலைமை நிர்வாகி ரான் டக் சில நாட்களில் பதவி விலகினார். எடின்பரோவில் நாடாளுமன்றம் மீண்டும் அமைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதன் இரண்டு குழுக்கள் தனித்தனியாக விசாரணை நடத்தின.

அந்த விசாரணைகளில் வெளிவந்த ஒரு விஷயத்தை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். முடியரசின் பெயரால் பள்ளிகளை ஆய்வு செய்த ஆய்வாளர்களே (1840-லிருந்து அங்கே இருக்கும் பதவி அது) புதிய ஹையரின் வடிவமைப்பிலும் முன்னின்றிருந்தார்கள். கொள்கை வகுத்த கை, வகுப்பறையில் அந்தக் கொள்கை எப்படி நடக்கிறது என்று எடைபோடும் கையாகவும் இருந்தது. அப்போது கல்வி அமைச்சரான ஜாக் மக்கானல், ஆய்வாளர்களைக் கொள்கை வேலையிலிருந்து விலக்கி, 2001 ஏப்ரலில் தனி முகமையாக ஆக்கினார். எஸ்கியூஏவுக்கென்று 2002-ல் ஒரு சிறு சட்டமும் வந்தது: பெரிதாக இருந்த நிர்வாகக் குழுவைச் சிறிதாக்கியது, ஓர் ஆலோசனைக் குழுவை உண்டாக்கியது. இந்த ஆலோசனைக் குழுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடி வரும்.

பத்தே ஆண்டில் அந்தப் பிரிப்பு அழிந்தது. 2011 ஜூலையில் ஆய்வு முகமையையும் பாடத்திட்ட உதவி அமைப்பையும் சேர்த்து எஜுகேஷன் ஸ்காட்லாந்தை உருவாக்கினார்கள். சிக்கனம் ஒரு காரணம், ஒருங்கிணைப்பு இன்னொரு காரணம். பின்னாளில் அந்த அமைப்பின் தலைமை நிர்வாகியும் மன்னரின் தலைமைக் கல்வி ஆய்வாளரும் ஒரே ஆளாக இருந்தார். ஆசிரியருக்கு வழிகாட்டி எழுதித் தருவதும், அந்த வழிகாட்டியின்படி பாடம் நடக்கிறதா என்று சோதிப்பதும் ஒரே அலுவலகத்தின் வேலையானது.

2001-ல் பிரித்ததும் 2011-ல் சேர்த்ததும் அமைச்சரின் கையெழுத்தால் நடந்தவை. அரசு முகமை என்பது சட்டத்தில் தனி உயிர் இல்லாத அமைப்பு. அமைச்சர் நினைத்தால் வைக்கலாம், நினைத்தால் கலைக்கலாம். இரண்டு முறையும் மசோதா இல்லை, ஷரத்து ஷரத்தாக விவாதம் இல்லை. 2024 மசோதாவின் ஆய்வுப் பகுதியில் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய மாற்றம் இதுதான்: தலைமை ஆய்வாளர் பதவி சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டால், அடுத்த அமைச்சர் அதைக் கலைக்க இன்னொரு மசோதாவோடு அவைக்கு வந்தாக வேண்டும்.

2020 ஆகஸ்ட்

கோவிட் காரணமாகத் தேர்வுகள் ரத்தாயின. ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியரே ஒரு மதிப்பீட்டைத் தர வேண்டும் என்றது எஸ்கியூஏ. வழக்கமான தரநிலைகளை இன்னும் பொடிப்பொடியாகப் பிரித்து, எந்தப் பட்டைக்குள் மாணவர் வருகிறார், அந்தப் பட்டைக்குள் எத்தனையாவது இடம் என்று வரிசைப்படுத்தவும் சொன்னது. பிறகு அந்த மதிப்பீடுகளைப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியோடு ஒப்பிட்டுத் திருத்தியது. முன்பு சுமாராகத் தேறிய பள்ளியில் இந்த ஆண்டு நன்றாகப் படித்த பிள்ளை இருந்தால், பள்ளியின் பழைய கணக்கு அந்தப் பிள்ளையின் மதிப்பீட்டைக் கீழே இழுக்கும்.

ஆகஸ்ட் 4-ல் முடிவுகள் வந்தன. 1,24,564 மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. மொத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. ஹையரில், மிக ஏழ்மையான பகுதி மாணவர்களின் தேர்ச்சி ஆசிரியர் மதிப்பீட்டின்படி 85.1 சதவீதம், திருத்தியபின் 69.9. வசதியான பகுதிகளில் 91.5 என்பது 84.6 ஆனது. அதாவது ஏழைப் பகுதிக்கு 15.2 புள்ளி வெட்டு, வசதியான பகுதிக்கு 6.9. மாணவர்கள் கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் கூடினார்கள். ஆகஸ்ட் 11-ல் ஸ்வின்னி பின்வாங்கி, குறைத்த மதிப்பீடுகளை எல்லாம் ஆசிரியர் கொடுத்தபடியே திருப்பித் தருமாறு எஸ்கியூஏவுக்குச் சட்டப்படி உத்தரவிட்டார். இரண்டு நாள் கழித்து அவர்மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 58-க்கு 67 என்று தோற்றது. பசுமைக் கட்சி அவரைக் காப்பாற்றியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்கியூஏ அமைச்சரிடமிருந்து விலகி நிற்கும் அமைப்பு என்றுதான் சட்டம் சொன்னது. மாணவர்களைக் காப்பாற்றியதோ, அமைச்சர் அந்த அமைப்புக்கு உத்தரவிடலாம் என்ற அதிகாரம். சுதந்திரம் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த முரணையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. பின்னால் குழு விவாதங்களில் சுதந்திரம் என்ற சொல் பேச்சுக்குப் பேச்சு வந்தது. இந்த முரண் அவ்வளவு வரவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. 2021 ஜூனில், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி, ஸ்காட்லாந்தின் பாடத்திட்டம் பற்றிய தன் அறிக்கையைத் தந்தது. அதே மாதம் அப்போதைய கல்வி அமைச்சர் ஷெர்லி-ஆன் சோமர்வில், எஸ்கியூஏ மாற்றப்படும், ஆய்வு தனியாகும் என்று அறிவித்தார். எப்படிச் செய்வது என்று சொல்லப் பேராசிரியர் கென் மியூரை நியமித்தார். அவர் 2022 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். 2023-ல் புதிதாக வந்த கில்ரூத் மசோதாவைத் தள்ளிவைத்தார். அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் கருத்துக்கேட்பு. அறிவிப்புக்கும் மசோதாவுக்கும் இடையில் முழுதாக மூன்று ஆண்டுகள். எஸ்கியூஏ ஊழியர்கள் தங்கள் நிறுவனம் கலைக்கப்படப்போகிறது என்று தெரிந்தே அத்தனை ஆண்டும் தேர்வு நடத்தினார்கள்.

முடிச்சு எங்கே

எஸ்கியூஏவுக்குள் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும். இன்னொன்று அங்கீகாரப் பிரிவு: தொழிற்தகுதிகள் தரமானவையா, அவற்றைத் தரும் நிறுவனங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்தும். எஸ்கியூஏவின் சொந்தத் தொழிற்தகுதிகளையும் அதுவே பார்த்தது. ஒரே கூரை, ஒரே நிர்வாகக் குழு, நடுவில் ஒரு தடுப்புச் சுவர்.

இதைவிட விசித்திரமானது ஒன்று இருக்கிறது. நாட்டில் எல்லாரும் பேசும் ஹையர் முதலிய பள்ளித் தேர்வுகள் இந்த அங்கீகாரப் பிரிவின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. அவற்றின் தரத்துக்கு எஸ்கியூஏவின் தேர்வுப் பிரிவுதான் தானே பொறுப்பு. 2020-ல் அந்தத் திருத்த முறையை முடிவுகள் வெளியாகுமுன் ஆராய்ந்து, இது சரி, இது தவறு என்று சொல்லும் அதிகாரம் படைத்த வெளியமைப்பு ஸ்காட்லாந்தில் எதுவும் இல்லை.

மியூர் அறிக்கை இந்த இரண்டு பிரிவுகளையும் பிரிக்கச் சொன்னது. அங்கீகார வேலை புதிய தேசியக் கல்வி முகமைக்குப் போகட்டும் என்றது. அரசு இதை ஏற்கவில்லை. அமைச்சருக்கு நெருக்கமான முகமையிடம் தரக்கண்காணிப்பைக் கொடுத்தால் சுதந்திரம் அதிகரிக்காது, குறையும் என்பது அரசின் வாதம். அங்கீகாரப் பிரிவு சிறியது, தனியாக நிற்க வைத்தால் செலவு, சின்ன நாட்டில் அமைப்புகளைப் பெருக்கிக்கொண்டே போக முடியாது என்பதும் சேர்ந்துகொண்டது. மசோதாவில் இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தன. சுவரைக் கொஞ்சம் உயர்த்தினார்கள்: அங்கீகாரத்துக்குத் தனிக் குழு சட்டத்திலேயே. எஸ்கியூஏ காலத்திலும் அப்படியொரு குழு இருந்ததுதான்.

அரசின் முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. மியூர் காட்டிய இடம் சரியான இடமில்லை. ஆனால் ஒரு வீடு சரியில்லை என்பதற்காகப் பழைய வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற முடிவு எப்படி வந்தது என்பதற்கு மசோதாவோடு வந்த கொள்கைக் குறிப்பில் மனநிறைவான பதில் இல்லை. மூன்றாவது இடம் ஒன்றை வரைந்து, செலவு போட்டு, ஆள் கணக்குப் பார்த்து அவையின் முன் வைக்கும் வேலையை யாரும் செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் இருந்தன.

குழு அறையில்

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு மேலவை கிடையாது. 129 பேர், ஒரே அவை. அதனால் மசோதாவைச் சல்லடை போடும் வேலை முழுக்கக் குழுவின் தலையில். முதல் கட்டத்தில் குழு சாட்சியம் கேட்டு, மசோதாவின் பொதுக் கொள்கை பற்றி அறிக்கை தரும், அவை வாக்களிக்கும். இரண்டாம் கட்டத்தில் குழு திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுக்கும். மூன்றாம் கட்டத்தில் முழு அவையும் மறுபடி திருத்தங்களை விவாதித்து, கடைசியாக வாக்களிக்கும்.

கல்வி, குழந்தைகள், இளையோர் குழுவின் தலைவராக 2024 இலையுதிர்காலத்தில் டக்ளஸ் ராஸ் வந்தார். அதற்குச் சற்று முன்வரை ஸ்காட்டிஷ் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவராக இருந்தவர். குழுவில் லேபர் தரப்பில் பாம் டங்கன்-கிளான்சி, லிபரல் டெமாக்ரட் தரப்பில் வில்லி ரென்னி ஆகியோர் மசோதாவை வரி வரியாகப் பிடித்துக்கொண்டவர்கள். ஆளும் கட்சியான எஸ்என்பியின் (ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி) அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. பசுமைக் கட்சியோடு இருந்த உடன்பாடு மசோதா தாக்கலாவதற்குச் சில வாரம் முன்புதான் முறிந்திருந்தது. ஆகவே அமைச்சர் ஒவ்வொரு ஷரத்துக்கும் யாரிடமாவது பேசியாக வேண்டிய நிலை. சிறுபான்மை அரசின் மசோதாவைச் சோதிக்கும் குழுவுக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது.

சாட்சியங்கள் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் வரலாற்றுப் பாட விவகாரம் கிளம்பியது. 2024 ஹையர் வரலாற்றில் ஏ முதல் சி வரை பெற்றவர்களின் விகிதம் முந்தைய ஆண்டின் 78.7 சதவீதத்திலிருந்து 65.7-க்கு விழுந்தது. ஒரே ஆண்டில் 13 புள்ளி. விடைத்தாள் திருத்திய ஆசிரியர்களிலேயே சிலர், ஸ்காட்லாந்து வரலாற்றுத் தாளில் எதிர்பார்ப்பை நடுவழியில் கூட்டிவிட்டார்கள் என்று சொன்னார்கள். முன்பு மதிப்பெண் கிடைத்த அளவு விவரத்துக்கு இப்போது கிடைக்கவில்லை என்பது புகார். எஸ்கியூஏ ஒரு மறுஆய்வு நடத்தியது. நடத்தியது எஸ்கியூஏ ஊழியர்களே. வரலாற்றுப் பிரிவைச் சேராதவர்கள். அதைச் சரிபார்க்க வேல்ஸ் தேர்வு வாரியத்திலிருந்து ஒருவரை எஸ்கியூஏவே அழைத்தது. நவம்பரில் வந்த முடிவு: திருத்தும் தரம் மாறவில்லை, மாணவர்கள் எழுதியதுதான் சுமார்.

அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். வேல்ஸிலிருந்து வந்தவர் நேர்மையாகவே பார்த்திருப்பார். ஆனால் புகார் யார்மேலோ அவர்களே விசாரணை அலுவலரை நியமித்து, சரிபார்ப்பவரையும் தேர்ந்தெடுத்த பிறகு, கிடைத்த பதிலை வரலாற்று ஆசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. விவகாரம் குழுவின் மேசைக்கே வந்தது. மசோதாவின் முடிச்சை உறுப்பினர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது. அங்கீகாரப் பிரிவு இந்த விஷயத்தில் தலையிட்டதா என்று கேட்டால், ஹையர் அதன் எல்லைக்குள் இல்லையே.

இங்கேதான் எதிர்க்கட்சிகளின் வாதத்திலும் ஓர் ஓட்டை. அங்கீகாரப் பிரிவைப் பிரித்து எங்கே வைத்தாலும், அதன் எல்லையை விரிக்காவிட்டால் வரலாற்றுப் பாடப் புகாரை அது தொடவே முடியாது. இடத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினார்கள். எல்லையைப் பற்றி அந்த அளவுக்கு வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2024 டிசம்பரில் குழுவின் முதல் கட்ட அறிக்கை வந்தது. டிசம்பர் 18-ல் அவை பொதுக் கொள்கையை ஏற்றது. இரண்டாம் கட்டத்துக்கு நூற்றுக்கணக்கான திருத்தங்கள் குவிந்தன.

அந்தக் கட்டம் எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காக. திருத்தங்களைப் பொருள்வாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஒரு பட்டியல் அச்சிடுவார்கள். கட்டின் முதல் திருத்தத்தைக் கொடுத்தவர் பேசுவார். பிறகு மற்றவர்கள், பிறகு அமைச்சர். அமைச்சர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்: ஏற்கிறேன்; ஏற்க முடியாது; கருத்து நல்லது, வாசகம் சரியில்லை, திரும்பப் பெற்றால் மூன்றாம் கட்டத்துக்கு முன் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம். கடைசியில் தலைவர், திருத்தத்தை வலியுறுத்துகிறீர்களா, திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்பார். வலியுறுத்தினால் கையைத் தூக்கி வாக்கு. இந்த மூன்றாவது பதிலில்தான் சிறுபான்மை அரசின் பேரமெல்லாம் நடக்கும். திரும்பப் பெற்றவருக்கு வாக்குறுதி கிடைக்கும். அமைச்சருக்கு நேரம் கிடைக்கும்.

அங்கீகார வேலையை எங்கே வைப்பது என்பதற்கு இந்தக் கட்டங்களில் பல யோசனைகள் உலவின. எந்தச் சான்றிதழ் எந்த நிலையில் வரும் என்று வகைப்படுத்தும் தகுதிநிலைக் கட்டமைப்பைப் பராமரிக்கும் அமைப்பிடம் கொடுக்கலாம். புதிய தலைமை ஆய்வாளரிடம் கொடுக்கலாம். எதுவும் கரைசேரவில்லை. ஒரு தனி உறுப்பினர் திருத்தம் எழுதலாம். நிறுவனம் மாறினால் ஊழியர், ஓய்வூதியம், வழக்குப் பொறுப்பு, பணம் எல்லாம் எப்படி மாறும் என்று எழுத அவரிடம் ஆள் இல்லை. அந்த வேலை அரசின் துறையில்தான் நடக்க முடியும். அரசு செய்யாததை மே மாதத்தில் ஒரு குழு செய்துவிட முடியாது. மசோதா அவைக்குள் நுழையும்போதே இந்தக் கேள்வியின் விடை பெரும்பாலும் முடிவாகிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிடைத்தவை

குவாலிஃபிகேஷன்ஸ் ஸ்காட்லாந்துக்குள் மாணவர் நலக் குழு ஒன்று, ஆசிரியர் நலக் குழு ஒன்று. மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனி உறுதிமொழிச் சாசனங்கள். வெளியே ஒரு வியூக ஆலோசனைக் குழு. 2002-ல் வந்ததும் ஆலோசனைக் குழுதான், இப்போது வந்திருப்பதும் ஆலோசனைக் குழுதான். நெருக்கடி வரும்போதெல்லாம் ஸ்காட்லாந்து அரசுக்கு முதலில் கைவரும் மருந்து இது போலிருக்கிறது. 2002-ல் உருவான குழு இருந்தும் 2020 ஆகஸ்ட் நடந்தது. இந்த முறை மாணவரும் ஆசிரியரும் அமைப்புக்கு உள்ளேயே, சட்டத்தின் பலத்தோடு உட்காருகிறார்கள் என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஆலோசனை சொல்லலாம், நிறுத்தச் சொல்ல முடியாது. எஸ்கியூஏவின் ஊழியர்களும் சொத்தும் கடனும் சட்டப்படி அப்படியே புது அமைப்புக்கு மாறுகின்றன. பெயர்ப்பலகை மாற்றம் என்ற எதிர்க்கட்சிகளின் கேலி முழுக்க நியாயமில்லை. முழுக்க அநியாயமும் இல்லை.

ஆய்வுப் பக்கம் கதை வேறு. தலைமை ஆய்வாளர் பதவி சட்டப் பதவியானது. ஆய்வுத் திட்டத்தை அவரே வகுப்பார். ஸ்காட்லாந்துக் கல்வி எப்படி இருக்கிறது என்று ஆண்டறிக்கை தருவார். குறிப்பிட்ட ஆய்வைச் செய்யச் சொல்லும் அதிகாரம் அமைச்சருக்குத் தொடர்கிறது. தாக்கலான மசோதாப்படி, அவரை நியமிப்பவர் மன்னர். பெயரைப் பரிந்துரைப்பவர் அமைச்சர். எந்த அமைச்சரின் கொள்கை வகுப்பறையில் வேலை செய்கிறதா என்று எழுதப்போகிறாரோ, அந்த அமைச்சரின் பரிந்துரையில் அவர் வர வேண்டுமா, அவை தேர்ந்தெடுத்தால் ஆகாதா என்ற கேள்வி குழுவில் நியாயமாகவே எழுந்தது. பதவியின் பலம் நியமனத்தைவிட நீக்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்: வந்தபின் எளிதில் தூக்க முடியாத ஆள், யார் பரிந்துரையில் வந்திருந்தாலும் எழுதுவதை எழுதுவார். முன்பு அவர் அமைச்சரின் முகமைக்குள் இருந்த அரசு அதிகாரி. அந்த வேறுபாடு சின்னதில்லை.

ஒரே சட்டத்தின் இரு பாதிகளுக்கு ஏன் இவ்வளவு இடைவெளி? ஆய்வைப் பிரிப்பதில் யாருக்கும் பெரிய இழப்பில்லை. 2001-ல் செய்து பார்த்த அனுபவமும் இருந்தது. தேர்வுக் கண்காணிப்பைப் பிரிப்பதற்கு ஸ்காட்லாந்தில் முன்மாதிரி கிடையாது. பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

இங்கிலாந்தில் 2009 சட்டத்தின் மூலம் ஆஃப்குவல் என்ற தனிக் கண்காணிப்பு அமைப்பு வந்தது. தேர்வு நடத்தும் வாரியங்கள் வேறு. வேல்ஸில் 2012-ல் ஆங்கிலப் பாட மதிப்பெண் சர்ச்சையின்போது அரசே கண்காணிப்பாளராக இருந்தது. அமைச்சர் லெய்டன் ஆண்ட்ரூஸ் வாரியத்துக்கு மறுமதிப்பீட்டு உத்தரவு போட்டார். பிறகு 2015 சட்டத்தால் குவாலிஃபிகேஷன்ஸ் வேல்ஸ் தனி அமைப்பானது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது கண்காணிப்பு அமைப்பு. தேர்வு நடத்துவது வேறு வாரியம்.

தனிக் கண்காணிப்பாளர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2020-ல் ஸ்காட்லாந்தில் நடந்த அதே கூத்து, ஒரு வாரம் கழித்து இங்கிலாந்திலும் நடந்தது. அங்கே கணக்குச் சூத்திரத்தைச் செய்ததே ஆஃப்குவல்தான். வித்தியாசம் அதற்குப் பிந்தைய நாட்களில் தெரிந்தது. ஆஃப்குவலின் தலைமை அதிகாரி சாலி காலியர் அந்த மாதமே விலகினார். செப்டம்பர் 2-ல் அதன் தலைவர் ராஜர் டெய்லர் பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பொதுச்சபையின் கல்விக் குழு முன் உட்கார்ந்து, அமைச்சர் என்ன கேட்டார், தாங்கள் என்ன யோசனை சொன்னோம் என்று பதில் சொன்னார். யார் எதற்குப் பொறுப்பு என்று பிரித்துக் கேட்க முடிந்தது. எடின்பரோவில் ஒரே அமைப்பு எல்லாத் தொப்பியையும் போட்டிருந்ததால், கேள்வியை அமைச்சரிடம் கேட்பதா, தேர்வு நடத்தியவரிடமா, தரம் பார்த்தவரிடமா என்று பிரிக்கவே வழியில்லை.

கடைசி இரண்டு நாள்

2025 ஜூன் 24, 25 இரண்டு நாளும் மூன்றாம் கட்டம் ஓடியது. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம். இரவு நீளும் வாரம். பசுமைக் கட்சி ஆதரித்தது. ஏழாண்டுகளுக்கு முன், 2018-ல், இதே ஸ்வின்னி கல்வி அமைச்சராக ஒரு கல்வி மசோதாவை அவைக்கே கொண்டுவராமல் கைவிட்டவர். இந்த முறை அவர் தலைமையில் ஒன்று சட்டமானது. ஆகஸ்ட் 5-ல் எஸ்கியூஏ என்ற பெயரில் கடைசித் தேர்வு முடிவுகள் மாணவர் கைக்குப் போயின. அதே மாதத் தொடக்கத்தில் மன்னரின் ஒப்புதலும் கிடைத்தது.

அங்கீகாரம் குவாலிஃபிகேஷன்ஸ் ஸ்காட்லாந்துக்குள்ளேயே இருக்கிறது. ஹையரின் தரத்துக்கு அதே நிறுவனத்தின் தேர்வுப் பிரிவுதான் இப்போதும் பொறுப்பு. 2026 மே 7 தேர்தலோடு மசோதாவைச் சோதித்த குழுவின் காலம் முடிகிறது. தேர்தலுக்குப் பின் வரும் குழுவின் கையில் மாணவர் சாசனமும், ஆய்வுத் திட்டமும், தலைமை ஆய்வாளரின் ஆண்டறிக்கையும் வந்துசேரும். அந்த ஆண்டறிக்கையில் தேர்வு அமைப்பைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதச் சொல்லித் தலைமை ஆய்வாளரிடம் கேட்க அவர்களுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கடிதம் போதும். எழுதுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.